எல்லைக் கற்களோடு ஓர் ஓட்டம்

வேலை நிமித்தம் ஜெர்மனி போனபோது, துரிங்கியா மலைமுகட்டில் செல்லும் ரென்ஸ்டைக் பாதையில் கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தேன். ஹோர்ஷல் கிராமம் தொடங்கி பிளாங்கன்ஸ்டைன் வரை சுமார் 170 கி.மீ. புறப்படும்போது வெர்ரா ஆற்றில் ஒரு கூழாங்கல் எடுத்து, மறுகோடியில் செல்பிட்ஸ் ஆற்றில் போடுவது வழக்கம். தொடக்கத்துக்கு அருகே, ஐசெனாக் நகருக்கு மேலே வார்ட்புர்க் கோட்டை. 1521-22-ல் மார்ட்டின் லூதர் ஒளிந்திருந்து புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் பெயர்த்தது இங்கேதான்.

வழியெல்லாம் பழைய குறுநில மன்னர்கள் நட்ட எல்லைக் கற்கள், பாசி பிடித்து நிற்கின்றன. அவற்றைத் தாண்ட யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் நாடு இரண்டாக இருந்த காலத்தில், பாதை பவேரியாவுக்குள் நுழையும் இடத்தில் முள்வேலி! 1973-ல் நாலே பேர் ஓடித் தொடங்கிய ரென்ஸ்டைக் ஓட்டம், இன்று ஆயிரக்கணக்கானவர்கள் ஓடுவது, அன்று வேலிக்கு இப்பால் கிழக்கு ஜெர்மனிக்குள்ளேயேதான் நடந்தது. முழுப் பாதையும் மறுபடி திறந்தது 1990-ல்.

ஓடுகிறவர்களுக்கு வழியில் ஓட்ஸ் கஞ்சி ஊற்றுகிறார்கள். ஆமாம் நண்பர்களே, கஞ்சியேதான்!