உலைவைக்கக் கற்ற காலம்

முருங்கன் என்றதும் மன்னார் மக்களுக்கு நினைவுக்கு வருவது நெல். மதவாச்சியிலிருந்து மன்னாருக்குச் செல்லும் வீதியில், தீவை அடையுமுன் பெருநிலத்தில் அமைந்தது எங்கள் ஊர். அருகே கட்டுக்கரைக்குளம். அருவியாற்றைத் தேக்கம் என்னுமிடத்தில் மறித்து, வாய்க்கால் வழியே அதற்கு நீர் கொண்டுவந்தார்கள். 5 ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டிய குளம் என்பது மரபு. பிற்காலத்தில் அதைப் புதுக்கியவர்கள் ஆங்கிலேயர்.

குளம் கட்டிய மன்னனின் பெயரை வரலாறு காத்துவைத்தது. அந்த நீரில் விளைந்த நெல்லை அவித்து, காயவைத்து, குற்றி, உலையிலிட்டவர்களின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. 2016 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் கட்டுக்கரையில் அகழ்வாய்வு நடந்தது. மண்ணுக்குள்ளிருந்து பானையோடுகளும் சுடுமண் உருவங்களும் வெளிவந்தன. அச்செய்தியைப் படித்தபோது, என் நினைவு 1990 ஆம் ஆண்டின் ஒரு சோற்றுப்பானையிடம் போய் நின்றது.

அப்போது எனக்கு வயது 38. கொழும்பில் ஒரு நாளிதழில் பணி. உலைவைக்கத் தெரியாது. வடக்கிலிருந்து கொழும்புக்கு உத்தியோகம் பார்க்க வந்த ஆண்கள் பலர் சேர்ந்து வீடெடுத்து, சமையற்காரர் ஒருவரை அமர்த்தி வாழ்வதைச் 'சம்மரி' என்போம். வீட்டில் அம்மா, சம்மரியில் சமையற்காரர் என்று என் வயிறு நிறைந்தது. 1983 ஜூலைக் கலவரத்தோடு எங்கள் சம்மரி கலைந்தது. பின்னர் கடைச் சாப்பாடு.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. 1914 முதல் ஓடிய தலைமன்னார்ப் புகையிரதம் நின்றது. அம்மா பேரப்பிள்ளைகளுடன் படகேறி இராமேஸ்வரம் சென்று, மண்டபம் முகாமில் சேர்ந்தார். மாடுகளை விட்டுவர மனமின்றி ஐயா ஊரிலேயே தங்கினார். இரு பக்கமும் பணம் அனுப்பவேண்டிய நான், கடைச் சாப்பாட்டை நிறுத்தி ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு வாங்கினேன். முதல்நாள் சோறு அடிப்பிடித்தது, மறுநாள் கஞ்சியானது. வெட்கத்தை விட்டு அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன்.

பதில் வந்தது. "மகன், குத்தரிசியைக் கழுவி, கல் இருந்தால் அரித்தெடு. உலை கொதித்த பிறகு போடு. இரண்டு பருக்கையை நசித்துப் பார்த்து வடி." அதற்குக் கீழே தன் செய்தியும் எழுதியிருந்தார். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் தானே கையொப்பமிட்டு உதவித்தொகை வாங்குவதாகவும், கிலோ 57 பைசா மானிய அரிசிக்கு வரிசையில் நிற்பதாகவும், தனியே பேருந்தேறி இராமநாதபுரம் போய் வந்ததாகவும். முருங்கன் சந்தைக்குக்கூடத் தனியே போகாதவர் அவர்.

அதே நாள்களில், அறுபது கடந்த ஐயாவும் முதன்முறையாகக் குசினிக்குள் நுழைந்திருந்தார். அரசின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த பகுதிகளுக்கு மண்ணெண்ணெய், சவர்க்காரம் முதலியன தடைசெய்யப்பட்டிருந்தன. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்தார்கள். பனம்பழத்தால் துணி வெளுத்தார்கள். வயதேறிய மனிதர்கள் பிள்ளைகளைப்போல் இவற்றைப் படித்தார்கள்.

1990களின் நடுப்பகுதியில் அம்மா ஊர் திரும்பினார். குசினியில் தன் அகப்பையும் சுளகும் வைத்த இடத்தில் இல்லை என்று இரண்டு நாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாள் ஐயா வடித்த சோற்றை உண்டார். பிறகு, வங்கிப் புத்தகத்தை ஐயாவிடமிருந்து வாங்கித் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். அவர்கள் இருவரும் இறக்கும்வரை அவ்வாறே நடந்தது.

அந்த ஆண்டுகளில் போரைப் பற்றி நான் எழுதிய செய்திகளுக்குக் கணக்கில்லை. எத்தனை ஷெல் விழுந்தது, எத்தனைபேர் இடம்பெயர்ந்தார்கள் என்று எழுதினேன். இடம்பெயர்ந்தவர் அன்றிரவு என்ன சமைத்தார், யார் சமைத்தார் என்று ஒரு வரியும் எழுதவில்லை. அது செய்தி என்று எனக்குத் தோன்றவில்லை. பசித்தபோதுதான் தெரிந்தது, தெரிந்த பின்னும் எழுதவில்லை.

2015 மார்ச்சில் தலைமன்னார்வரை புகையிரதம் மறுபடி ஓடியது. சில மாதங்கள் கழித்து நான் முருங்கன் நிலையத்தில் இறங்கினேன். பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்து, அம்மாவின் பானையைக் கழுவி, அவர் எழுதியபடியே உலை வைத்தேன். இன்றைக்கும் இரண்டு பருக்கையை நசித்துப் பார்த்தே வடிக்கிறேன்.