தகப்பன் தொழிலும் ஃபிட்டர் சான்றிதழும்

தமிழ்நாட்டில் ஏழைப் பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுத்தரும் திட்டம் எது வந்தாலும் ஒரு சந்தேகமும் கூடவே வரும். கற்ற தொழில் பையனைத் தெருவைவிட்டு வெளியே கொண்டுபோகுமா, அதே தெருவுக்குத் திருப்பி அனுப்புமா? கடந்த நூற்றாண்டின் கல்வி வரலாற்றை இந்தச் சந்தேகத்தின் வழியாகவும் வாசிக்கலாம்.

1894இல் பிரம்மஞான சபையின் ஆல்காட் அடையாறில் பஞ்சமர் இலவசப் பள்ளி தொடங்கியபோதும், பின்னர் மாகாணத் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்டோருக்கென 'லேபர் ஸ்கூல்' நடத்தியபோதும் முதல் தேவை எழுத்துதான். மாடு மேய்க்கவும் நாற்று நடவும் அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை.

1950இல் ஒன்றிய அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. இன்று ஐடிஐ என்று நாம் சொல்வதன் வேர் அது. அதன் சத்து பட்டறையில்தான் தெரியும். ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தவனுக்கு முதல் வாரங்களில் கிடைப்பது ஒரு இரும்புத் துண்டும் அரமும். வைஸில் கவ்வவைத்து ராவ வேண்டும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். இடுக்கில் ஒளி கசிந்தால் மறுபடியும் ராவ வேண்டும். உள்ளங்கை கொப்பளிக்கும். அவன் தகப்பன் கொல்லனா, கூலியா என்று மூலைமட்டம் கேட்பதில்லை.

இதற்கு நேரெதிர்த் திசையில் நடந்தது 1953. முதலமைச்சர் ராஜாஜி கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தார். மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றார். பள்ளிக்கூடமும் ஆசிரியரும் போதாத காலம், இரண்டு ஷிஃப்ட் வைத்தால் இருமடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசின் கணக்கு. கணக்கு தவறில்லை என்றே வைத்துக்கொள்வோம். செருப்புத் தைப்பவர் மகன் அந்த மீதி நேரத்தில் என்ன பழகுவான் என்பதற்கு அதில் பதில் இல்லை. பெரியாரும் திராவிட இயக்கமும் அதற்கு வைத்த 'குலக்கல்வி' என்ற பெயரே நிலைத்தது. 1954இல் ராஜாஜி பதவி விலக, காமராஜர் வந்ததும் திட்டத்தைக் கைவிட்டார். அடுத்து அவர் கையிலெடுத்தது மதிய உணவு. பிள்ளையைப் பள்ளியில் நிறுத்த எது வேண்டும் என்பதை அவர் சரியாகவே கண்டிருந்தார் என்பது என் கருத்து.

1961இல் தொழிற்பழகுநர் சட்டம் வந்தது. தொழிற்சாலைக்குள் உதவித்தொகையோடு பழகும் வழி அதனால் சட்டப்படி உறுதியானது. ஆனால் ஐடிஐ வாசலில் வேறொரு காவலாளி நின்றான்: மதிப்பெண் பட்டியல். ஃபிட்டருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். எட்டாவது முடித்தவனுக்கு வெல்டர், வயர்மேன் போன்ற சில பிரிவுகள்தான். சாதியைக் கேட்காத பட்டறை, சாதியால் பள்ளியில் பின்தங்கியவனை இப்படி வடிகட்டியது.

பழைய சந்தேகம் 2023இல் மறுபடி தலைதூக்கியது. ஒன்றிய அரசின் பிஎம் விஸ்வகர்மா திட்டம் தச்சர், குயவர், முடிதிருத்துவோர் உள்ளிட்ட 18 வகைத் தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் 15,000 ரூபாய்க்குக் கருவிகளும் கடனும் தருகிறது. தகுதி வயது 18. குடும்பம் வழிவழியாக அத்தொழிலில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அந்த வயதையும் தமிழ்நாடு எதிர்த்தது. மாநிலம் 2025இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 தொழில்கள். குறைந்தபட்ச வயது 35. அதற்குக் கீழே உள்ளவனுக்குப் படிப்பு, அரசுப் பள்ளியில் பயின்றவர்கள் ஐடிஐயில் சேர்ந்தாலும் மாதம் 1,000 ரூபாய் என்ற புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள்.

குலத்தொழிலுக்கு வயதால் போட்ட இந்தப் பூட்டு புத்திசாலித்தனமானதுதான். ஆனால் எட்டாவதோடு நின்று, இருபது வயதில் அப்பாவோடு சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும் குயவர் மகன், 35 ஆகும்வரை எந்த விண்ணப்பத்தை நிரப்புவான்?