அயலகக் குடிபெயர்வு (புதுக்கோட்டை மாவட்டம்)

புதுக்கோட்டை மாவட்டத்தார் பிழைப்புக்காகவும் வணிகத்துக்காகவும் வெளிநாடு சென்று வேரூன்றிய வரலாறு. கண்மாய்ப் பாசனத்தையும் மழையையும் நம்பிய வானம் பார்த்த பூமி என்பதால், கடல்கடந்த வருமானம் பல குடும்பங்களுக்கு ஆதாரமாயிற்று.

வரலாறு: கோனாப்பட்டு, ராயவரம், விராச்சிலை முதலிய ஊர்களின் நகரத்தார் 19ஆம் நூற்றாண்டில் இலங்கை, பர்மா, மலாயா நாடுகளில் வட்டித்தொழில் நடத்தினர். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் அவர்கள் தொழில் நடத்திய கூடங்களான கிட்டங்கிகளில் ஆளுக்கொரு பெட்டகமும் கணக்கு மேசையும்தான் இடம். பகலில் தரையில் அமர்ந்து கணக்கெழுதி, இரவில் அங்கேயே படுத்தனர். அந்நகரில் நகரத்தார் 1859இல் தண்டாயுதபாணி கோயில் கட்டினர். பின்னாளில் மலாயா சென்றோர் பலரை நாகப்பட்டினத்திலிருந்து ‘ரஜூலா’ கப்பல் ஏற்றிச் சென்றது.

இழப்பும் திரும்புதலும்: 1942இல் ஜப்பானியப் படை பர்மாவில் நுழைந்தபோது இந்தியர் பல்லாயிரவர் நடந்தே தாயகம் திரும்பினர், வழியில் மாண்டோர் பலர். 1962இல் வந்த ராணுவ ஆட்சி வங்கிகளையும் கடைகளையும் நாட்டுடைமையாக்க, எஞ்சியோரும் வெளியேறினர்.

இன்று: வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், மலேசியா ஆகியவை முதன்மை இலக்குகள், திருச்சி விமான நிலையமே வாசல். பத்தாம் வகுப்பு தேறாதோர் வளைகுடா வேலைக்குச் செல்ல, 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி அரசின் முன் அனுமதி தேவை. இது இடைத்தரகர் மோசடியிலிருந்து தொழிலாளரைக் காக்கும் அரண், தவிர்க்கலாகாது. மலேசியா, சிங்கப்பூரில் குடியேறியோரின் பேரப்பிள்ளைகள் பலர் அந்தந்த நாட்டுக் குடிமக்கள். வளைகுடாவில் எத்தனை ஆண்டு உழைத்தாலும் குடியுரிமை கிடைப்பது அரிது. அங்கு சென்றோரின் வீடும் முதுமையும் சொந்த ஊரிலேயே.