சீரங்கப்பட்டணப் பதக்கமும் சென்னைப் படைச் சிப்பாயும்

முன்னுரை

இன்று ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியால் அறியப்படும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் புள்ளலூர் என்னும் சிற்றூர் உள்ளது. 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் வில்லியம் பெய்லியின் கும்பினிப் படை அங்கு ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரிடம் தோல்வியுற்றது. 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், அப்போரில் பங்கேற்றோருக்குக் கும்பினி பதக்கம் வழங்கியது. அப்பதக்கத்தைக் கொண்டு அதைப் பெற்றவரை எந்த அளவுக்கு அடையாளங்காண இயலும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

உலோகமும் படிநிலையும்

பதக்கத்தின் ஒரு பக்கத்தில் புலியை வீழ்த்தும் சிங்கமும், மறுபக்கத்தில் கோட்டை முற்றுகையும் பொறிக்கப்பட்டுள்ளன. பர்மிங்காமின் சோகோ அக்கசாலை இதனைப் பொன், பொன்முலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம், வெள்ளீயம் என ஐவகையாக வார்த்தது. பதவிக்கேற்ப உலோகம் மாறியது. சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயமே கிடைத்தது. ஆயினும், வெள்ளிப் பதக்கம் பெற்றவர் அனைவரும் அதிகாரிகள் என முடிவு செய்தல் பிழையாகும். வங்காளப் படையினருக்குக் கல்கத்தாவில் பொன்னிலும் வெள்ளியிலும் மட்டுமே பதக்கங்கள் வார்க்கப்பட்டன. எனவே, வங்காளச் சிப்பாயிடம் வெள்ளியும் சென்னைச் சிப்பாயிடம் வெள்ளீயமும் இருந்தன. சோகோ பதக்கத்தின் விட்டம் ஏறத்தாழ 48 மி.மீ.; கல்கத்தாப் பதக்கத்தினது 45 மி.மீ. ஆகவே, உலோகத்தைக் கருதுமுன் விட்டத்தை அளத்தல் வேண்டும்.

விளிம்பும் பெயரும்

முதல் உலகப்போரின் பிரித்தானியப் போர்ப் பதக்கத்தில் படைவீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியன விளிம்பில் பொறிக்கப்பட்டன. அதிலும் படைவீரருக்கு வெள்ளியும், இந்தியத் தொழிலாளர் படையினருக்கு வெண்கலமும் வழங்கப்பட்டன. சீருடையில் துணி மட்கினும் பொத்தானும் தோள்பட்டைப் பித்தளை எழுத்தும் எஞ்சுகின்றன. அவற்றில் முடியுருவம் இருப்பின் அது ஆங்கிலேயர் ஆட்சிக்கால மரபைச் சேர்ந்தது. அசோகர் சிங்கமுகம் குடியரசுக் காலத்தது. சீரங்கப்பட்டணப் பதக்கமோ பெயர் பொறிக்கப்படாமலேயே வழங்கப்பட்டது.

முடிவுரை

பெயரற்ற பதக்கம் பெற்றவரின் படையையும் படிநிலையையும் சுட்டுமேயன்றி, அவர் யார் எனக் கூறாது. அதைப் பேணிவந்த குடும்பத்தின் நினைவே அவ்விடைவெளியை நிரப்பும் சான்று. பதக்கம் விலைக்குக் கைமாறும்போது அந்நினைவு உடன் செல்வதில்லை. ஆதலின், சேகரிப்பாளர் பதக்கம் கிடைத்த ஊரையும், குடும்பத்தார் கூறும் செய்தியையும், விட்டம், எடை, உலோகம் ஆகியவற்றையும் ஒருசேரப் பதிவு செய்தல் வேண்டும். வெள்ளீயப் பதக்கத்துக்குச் சந்தையில் மதிப்புக் குறையலாம். சென்னைச் சிப்பாயின் வரலாற்றுக்கோ அதுவே முதன்மைச் சான்றாகும்.