எதிரொலிக்கு ஒரு அப்டேட்

வீட்டிலேயே பாட்டு செய்கிறவங்க லேப்டாப்பில் ஒரு எக்கோ பிளகின் கட்டாயம் இருக்கும். அப்டேட் வந்ததும் முதலில் கேட்பது, "டேப் சவுண்ட் நிஜமா இருக்கா?"

எந்த டேப்? 1974இல் ஜப்பானின் ரோலண்ட் கம்பனி ஆர்ஈ-201 ஸ்பேஸ் எக்கோவை வெளியிட்டது. உள்ளே சுற்றி ஓடும் காந்த நாடா. ஒரு ஹெட் ஒலியைப் பதியும். தள்ளித் தள்ளி உள்ள மூன்று ஹெட்கள் திரும்ப வாசிக்கும். நாடா தேயத் தேய ஒலி மங்கும், லேசா ஆடும். அன்று அது குறை. இன்று அந்தக் குறையைத்தான் பிளகின்கள் அச்சு அசலாகச் செய்யப் பார்க்கின்றன.

1970களில் ஜமைக்காவில், ரேடியோ திருத்தத் தெரிந்த கிங் டபி, பாட்டிலிருந்து குரலை எடுத்துவிட்டு ஒரு சொல்லை மட்டும் எதிரொலிக்க விட்டார். டப் இசை அப்படித்தான் வளர்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள் உருவாக்கிய இசை அது.

நமக்கும் தோட்டம் உண்டு, எதிரொலியும் உண்டு. லிந்துலை மாதிரி மலைத் தோட்டங்களில் விடியக்காலை பெரட்டுக்குக் கூப்பிட அடித்ததும் தப்பு. மாசியில் காமன் கூத்துக்கு அடிப்பதும் தப்பு. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். எதிர்மலை 170 மீட்டரில் இருந்தால் ஒரு விநாடியில் பதில் வரும்.

பிளகினோடு வரும் பிரீசெட்டில் நம்ம மலையைத் தேட வேண்டாம். கன்வல்யூஷன் வகைப் பிளகினில் நாமே சேர்க்கலாம்: மலைக்கு எதிரே ஒரு பலூனை உடைத்து, திரும்பி வரும் ஒலியைப் பதிந்து அதில் ஏற்றினால் போதும். வேலைக்கு விரட்டிய சத்தத்தைத் திருப்பிச் சொன்ன அதே மலை, இனி நம்ம பாட்டையும் திருப்பிச் சொல்லட்டும்.