நாலு இலக்கத்தில் ஒரு குடும்பம்

ஏடிஎம் ரகசிய எண் ஏன் நாலே இலக்கம், எட்டு இருந்தால் இன்னும் பத்திரம்தானே என்று கவுண்டரில் அவ்வப்போது யாராவது கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. பதிலைச் சொன்னால்தான் நம்ப மாட்டார்கள். அது கணக்குப் போட்டு வந்த எண் இல்லை. ஒரு வீட்டம்மாவின் ஞாபகசக்திக்குத் தக்கபடி வந்தது.

ஜான் ஷெப்பர்ட்-பாரன் என்ற பிரிட்டிஷ்காரர் (பிறந்தது நம்ம ஷில்லாங்கில், 1925-ல்!) 1965-ல் ஒரு சனிக்கிழமை வங்கி மூடிய பிறகு போய்ச் சேர்ந்து, பணம் எடுக்க முடியாமல் திரும்பினார். காசு போட்டால் சாக்லேட் தரும் இயந்திரம் இருக்கிறதே, அதுவே பணம் தந்தால் என்ன என்று குளிக்கும்போது தோன்றியதாம். நோட்டு அச்சடிக்கும் டி லா ரூ நிறுவனத்தில் இருந்தவர் என்பதால் பார்க்லேஸ் வங்கியிடம் எளிதாகப் பேச முடிந்தது. 1967 ஜூன் 27 அன்று வட லண்டன் என்ஃபீல்டில் இயந்திரம் வந்துவிட்டது.

அதற்கு இப்போது போல அட்டை கிடையாது. கார்பன்-14 ஏற்றிய விசேஷக் காசோலையை உள்ளே விட்டு, எண்ணை அழுத்தினால் 10 பவுண்ட் வரும். கதிர்வீச்சு உடம்புக்கு ஆகாதே என்று கேட்டால், 1,36,000 காசோலைகளைத் தின்றால்தான் ஏதாவது ஆகும் என்பாராம் மனிதர். எண்ணை அவர் முதலில் ஆறு இலக்கமாகத்தான் நினைத்திருந்தார், அவருடைய ராணுவ எண் போல. மனைவி கேரலைன், நாலுக்கு மேல் எனக்கு நினைவிருக்காது என்று சொல்லிவிட்டார். முடிந்தது கதை. (ரகசிய எண் யோசனைக்கு ஜேம்ஸ் குட்ஃபெல்லோ என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் 1966-லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். யார் முதல் என்ற வழக்கு தனிப் பதிவுக்கு ஆகும்.)

மொத்தம் 10,000 எண்கள்தான். சின்னப் பூட்டு. மூன்று தடவை தப்பாக அடித்தால் அட்டை முடங்கும் என்ற விதிதான் அதைக் காப்பாற்றுகிறது.

நம் நாட்டில் முதல் ஏடிஎம் 1987-ல், இதே மும்பையில், ஹெச்எஸ்பிசி வைத்தது. அதற்கு முன் பணம் எடுப்பது எப்படி என்று நாற்பது தாண்டியவர்களுக்குச் சொல்ல வேண்டாம். காசோலையைக் கொடுத்துப் பித்தளை டோக்கன் வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, நம்பர் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். உள்ளே ஒருவர் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுவார். அலுப்பான முறைதான். ஆனால் உங்களைப் பார்த்து, உங்களைத் தெரிந்து பணம் கொடுத்தது ஒரு மனிதர். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று மகன் காசோலையோடு வந்தால் அவருக்குப் புரியும். இயந்திரத்துக்கு அது புரியாது. எண்ணைச் சரியாக அழுத்துபவர் யாரோ, அவரே கணக்குக்காரர்.

இந்திய வங்கிகள் சங்கம் மும்பையில் 1997-ல் தொடங்கிய ஸ்வதன் என்ற கூட்டு வலை சில வருடங்களில் நின்றுபோனது. 2004-ல் தேசிய நிதி ஸ்விட்ச் வந்த பிறகுதான் எந்த வங்கி அட்டையும் எந்த ஏடிஎம்மிலும் என்ற காலம் பிறந்தது. 2009 ஏப்ரலில் அடுத்த வங்கி ஏடிஎம்முக்கும் கட்டணம் இல்லை என்றானது. (அக்டோபரிலேயே மாதம் 5 தடவை என்று கடிவாளம் போட்டார்கள், அது வேறு.)

வெளியூர்த் தமிழர்கள் இதை எப்படிப் பிடித்துக்கொண்டோம் என்பதுதான் எனக்குச் சுவாரஸ்யம். மணியார்டர், டிடி எல்லாம் போயிற்று. இங்கே சம்பளக் கணக்கு, அதன் அட்டை கும்பகோணத்தில் அம்மாவிடம். எண்ணைப் பஞ்சாங்கத்தின் பின்அட்டையில் எழுதி வைத்திருப்பார்கள். அம்மாவுக்குப் போக முடியாவிட்டால் பக்கத்து வீட்டுப் பையன் எடுத்துத் தருவான். வங்கி விதிப்படி இது குற்றம், நம் வீட்டு வழக்கப்படி இது பாசம்.

இரண்டும் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு பெங்களூரு வழக்கு ஒன்று இருக்கிறது. 2013 நவம்பரில், பிரசவ விடுப்பில் இருந்த ஒரு பெண் தன் அட்டையையும் எண்ணையும் கணவரிடம் கொடுத்து 25,000 ரூபாய் எடுத்து வரச் சொன்னார். சீட்டு வந்தது, பணம் வரவில்லை. வங்கி தர மறுத்தது. அந்த அம்மா விடவில்லை. கேமராப் பதிவு வாங்கினார். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, இயந்திரத்தில் 25,000 கூடுதலாக இருந்ததற்கான அறிக்கையும் வாங்கினார். 2018-ல் நுகர்வோர் மன்றம் வங்கி பக்கமே தீர்ப்புச் சொன்னது. எண்ணைக் கணவரிடம் சொன்னதே தவறு, அவருக்குக் காசோலையோ அதிகாரக் கடிதமோ தந்திருக்க வேண்டும் என்றது. விதி அதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கைக்குழந்தைக்காரி காசோலை எழுதி வங்கிக்கு அனுப்ப வேண்டும் என்றால், ஏடிஎம் எதற்கு? மேலும், பணம் போனது கணவர் கையால் இல்லையே. இயந்திரத்தின் கோளாறுக்கு எண்ணைப் பகிர்ந்தது எப்படிக் காரணம் ஆகும் என்பது வங்கிக்காரனான எனக்கே இன்னும் விளங்கவில்லை.

அதற்குள் காட்சியும் மாறிவிட்டது. 2009 ஆகஸ்டிலிருந்து இணையத்தில் அட்டை தேய்க்கக் கூடுதல் சரிபார்ப்பு கட்டாயமானது. பின்னால் அது ஓடிபியாக நிலைத்தது. ஊரில் அப்பாவின் மின்கட்டணத்தை நாம் இங்கிருந்து கட்டுகிறோம், ஓடிபி அவர் போனுக்குப் போகிறது. "அப்பா, ஒரு நம்பர் வந்திருக்கும், படிங்க." அவரும் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிக்கிறார். மாதாமாதம் இப்படிப் பழகியவரிடம் ஒருநாள் 'வங்கியிலிருந்து பேசுகிறோம்' என்று எவனோ கூப்பிட்டு அதே வாசகத்தைச் சொன்னால், அவர் படிக்காமல் என்ன செய்வார்? திருடனுக்குப் பாதி வேலையை நாமே செய்து வைத்திருக்கிறோம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில், வேறெங்கோ நடந்த தவறால் பணம் போய், மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை என்று உத்தரவு போட்டது. நல்ல உத்தரவு. ஆனால் எண்ணைத் தானே சொல்லிக் கொடுத்தவருக்கு, வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனதெல்லாம் அவர் தலையில்தான்.

வழி இல்லாமல் இல்லை. கணக்கைக் கூட்டுக் கணக்காக, 'இருவரில் யாராவது' என்று மாற்றி, ஆளுக்கொரு அட்டை, ஆளுக்கொரு எண் வாங்கிக்கொள்ளலாம். படிவம் ஒரு பக்கம்தான். இதைச் சொன்னால் பெரியவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். மறுபடி வருவதில்லை. ஒரு பிள்ளையின் பெயரைச் சேர்த்தால் மற்ற பிள்ளைகள் என்ன நினைப்பார்களோ என்ற யோசனை. எண்ணைச் சொல்வதில் அந்தச் சங்கடம் இல்லை பாருங்கள், மூன்று பிள்ளைகளுக்கும் சொல்லி வைக்கலாம்.