கல்லக்குடிப் பாரும் கண்ணாடித் தொட்டியும்

உறையூர் ஆண்ட கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததும், அவனை நேரில் காணாமலே நட்புக் கொண்ட பிசிராந்தையார் வந்து தாமும் வடக்கிருந்ததும் தமிழறிந்தோர் நன்கறிந்த செய்தி. அந்நட்பைப் பாடிய கண்ணகனார், வெவ்வேறு இடங்களில் பிறந்த பொன்னும் பவளமும் முத்தும் மணியும் ஓர் அணிகலனில் ஒன்று சேர்வதை உவமையாகக் கையாள்கிறார் (புறநானூறு 218). பவளத்துக்கு அவர் ஆளும் சொல் 'துகிர்'.

அந்தத் துகிர் அணிகலப் பவளம். முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளூஸ்', முசிறித் துறைக்குக் கப்பலில் வந்த பண்டங்களுள் ஒன்றாகப் பவளத்தைக் குறிக்கிறது. மத்தியதரைக் கடலின் செம்பவளம் அது. நம் மன்னார் வளைகுடாவில் வளரும் பவளமோ வேறு. பழுப்பும் பச்சையுமாய்ப் பாறை போல் படிந்து கிடப்பது. அதனை யாரும் கழுத்தில் அணிந்ததில்லை. கடலோரத்து மக்கள் கடலடிப் பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பர். இலக்கியம் துகிரை அறிந்தது. பாரை அறிந்தவன் பரதவன். இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டே, வீட்டுக் கூடத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்ப்போர் அதனைக் கலைத்து 'இயற்கையாக' மாற்றியமைக்கும் வழக்கத்தை இக்கட்டுரையில் காண்போம். திருச்சிக்கும் திருவரங்கத்துக்கும் இதில் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு.

தொட்டியின் வரலாறு

1853-ல் லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்குத் துணைநின்ற இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி காஸ், அடுத்த ஆண்டு இது குறித்து ஒரு நூல் வெளியிட்டார். நூல் புகழ்பெற்றது, வீடுதோறும் கண்ணாடித் தொட்டி வந்தது. விளைவு என்ன? காஸின் மகன் எட்மண்ட் 1907-ல் எழுதிய தன்வரலாற்றில், தந்தை போற்றிய கடற்கரைப் பாறைக் குட்டைகள் சேகரிப்போர் கூட்டத்தால் சூறையாடப்பட்டு வெறுமையானதை வருத்தத்துடன் பதிவு செய்கிறார். இயற்கையை வீட்டுக்குள் காட்ட விரும்பிய ஆசையே இயற்கையைக் காலி செய்தது. இக்கலையின் பிறப்பிலேயே உள்ள குறை இது.

நம் நாட்டில் சென்னைக் கடற்கரையில் 1909-ல் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அதன் பின்னணியில் இருந்தவர் அருங்காட்சியகத் தலைவர் எட்கர் தர்ஸ்டன். இராமேசுவரத் தீவையும் மன்னார் வளைகுடா உயிரினங்களையும் பற்றி நூல் எழுதியவரும் அவரே.

பிற்காலத்தில் வீட்டுக் கடல்நீர்த் தொட்டிகளை அலங்கரித்தவை வெளுத்த பவள எலும்புக்கூடுகள். பாசி படிந்தால் எடுத்து வெளுப்புத் தூளில் ஊறவைத்து மீண்டும் வைப்பர். உயிரற்ற வெண்மையே அழகெனப்பட்ட காலம் அது. 1961-ல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து உயிரோடு எடுத்த பாறைகளையும் காற்றுக் குமிழிகளையும் மட்டுமே கொண்டு தொட்டி நடத்தும் முறையை எழுதினார். பின்னர் ஜெர்மானியர், கழிவு நுரையைப் பிரிக்கும் கருவியை உயிர்ப்பாறையோடு இணைத்துப் பவளத்தையே வளர்க்கக் கற்றனர். ஆயினும் தோற்றத்தில் ஒரு குறை நின்றது. பின்கண்ணாடி முழுவதும் மதில்போல் பாறை அடுக்கி, காலியிடமெல்லாம் பவளத்தை நிரப்பினர். 1990-களில் ஜப்பானியர் தகாஷி அமானோவின் நன்னீர்த் தொட்டிகள் வெற்றிடத்தின் அழகை உலகுக்குக் காட்டின. கடல்நீர்த் தொட்டி வைப்போரும் அதன்பின் மதிலைக் கலைக்கலாயினர்.

முதற்பொருளும் கருப்பொருளும்

மாற்றியமைப்போர் செய்யும் முதல் வேலை பாறையைக் குறைப்பது. இரண்டு மூன்று திட்டுகள், இடையே மணல்வெளி, குகைகளும் வளைவுகளும், பாறைக்கும் கண்ணாடிக்கும் இடையே நீர் ஓட இடம். இது அழகுக்காக மட்டுமன்று. நீரோட்டம் புகாத மூலைகளில் கழிவு தேங்கும்; மீன்கள் ஒளியவும் சுற்றவும் வழியிராது. மன்னார் வளைகுடாவின் பாரும் மதிலன்று. தீவுகளைச் சுற்றி ஆழமற்ற நீரில், மணலும் கடற்புல்லும் இடையிட, திட்டுத் திட்டாகக் கிடப்பது அது. உருண்ட போரைட்டிஸ் ஓரிடத்திலும், கிளைத்த அக்ரோபோரா வேறோரிடத்திலும் வளர்வது ஒளியையும் அலையையும் பொறுத்தது.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. மாவும் மரமும் புள்ளும் கருப்பொருள். பழைய தொட்டிகள் கருப்பொருளை வாங்கிக் குவித்துவிட்டு முதற்பொருளை மறந்தவை. தொட்டியில் முதற்பொருளாவன பாறையின் அமைப்பு, ஓட்டம், ஒளி, வெப்பம் ஆகியவை. திருச்சியின் கோடை 40 பாகை செல்சியசைத் தாண்டும். பவளத்துக்கு வேண்டியதோ ஏறத்தாழ 26 பாகை. குளிரூட்டி ஓரிரு நாள் நின்றாலும் பவளம் தன்னுள் வாழும் நுண்பாசியை இழந்து வெளுக்கும். 1998, 2010, 2016 ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் நடந்ததும் இதுவே. தொட்டி வைத்திருப்பவர் கடலின் துன்பத்தைச் சிறு அளவில் கண்ணெதிரே காண்கிறார்.

சுண்ணாம்பான பார்

இனி, பாறை எங்கிருந்து வருவது என்பதே கேள்வி. தூத்துக்குடிக்கும் மண்டபத்துக்கும் இடையே பல பத்தாண்டுகள் பவளம் வெட்டி எடுக்கப்பட்டது. வீட்டுச் சுவருக்குக் கல்லாயிற்று, சூளையில் வெந்து சுண்ணாம்பாயிற்று, தொழிற்சாலைகளுக்கும் சென்றது. 21 தீவுகளுள் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் நீருள் மூழ்கின. பார் போனபின் அலையைத் தடுக்க ஏதுமில்லை. 1986-ல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 2001-ல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றன. புலிக்குள்ள காப்பு பவளத்துக்கும் கிடைத்தது. ஆகவே நம் கடற்பவளத்தின் ஒரு துண்டை, அது இறந்ததாயினும், தொட்டிக்கு எடுத்து வருவது குற்றம்.

கல்லக்குடிக் கடல்

திருவரங்கத்தில் தொடர்வண்டி ஏறி இலால்குடி வழியாக அரியலூர் நோக்கிச் செல்வோர் கல்லக்குடியைக் கடப்பர். 1953-ல் டால்மியாபுரம் என்னும் பெயரை மாற்றக் கோரி மு. கருணாநிதி தண்டவாளத்தில் படுத்த ஊர் என்றே அதனை நாம் அறிவோம். அதற்கு இன்னொரு பழமையும் உண்டு. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அக்கடலில் பவளமும் சுண்ணப்பாசியும் சேர்ந்து பார் கட்டின. பிளான்ஃபோர்டு 1860-களில் இப்பகுதிப் பாறைகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். அங்குக் கிடைத்த உயிர்ப்படிவங்களை ஸ்டோலிஸ்கா விரிவாக விளக்கினார். 1939-ல் தொடங்கிய சிமெண்டு ஆலை வெட்டி எடுத்தது அந்தப் பார் இருந்த சுண்ணக்கல்லையே.

எனவே திருச்சி வட்டார வீடுகள் பலவற்றின் கூரையில் ஒரு பழம்பார் பொடியாகி உறைந்திருக்கக்கூடும். கடலுக்கும் நமக்கும் தொடர்பில்லை என்று இனிச் சொல்ல இயலாது.

திரும்பக் கட்டுதல்

தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் சிமெண்டுப் பலகைகளிலும் சட்டங்களிலும் பவளத் துண்டுகளைக் கட்டிக் கடலடியில் வளர்த்து வருகிறது. சிதைந்த பாரை மீட்கச் சிமெண்டு உதவுமெனில், வீட்டுத் தொட்டிக்கும் அதுவே போதும். சிமெண்டோடு கிளிஞ்சல் தூளும் கல்லுப்பும் கலந்து, மணற்குழியில் கைப்போக்கில் வார்த்தால் பாறை உருவாகும். உப்பு கரைந்தபின் துளைகள் தோன்றும். கழிவை மாற்றும் நுண்ணுயிர்கள் அத்துளைகளில் குடியேறும். புதுச் சிமெண்டின் காரம் இறங்கும்வரை பல வாரங்கள் நீரை மாற்றி மாற்றி ஊறவைத்தல் வேண்டும். நீரின் காரகாடி அளவு 8.3 அருகே நிலைத்த பின்னரே தொட்டியில் இடலாம். ஓராண்டில் இளஞ்சிவப்புச் சுண்ணப்பாசி படர்ந்து, வார்த்த கல் எது, கடற்கல் எது என்று தெரியாமற்போகும். வளர்ப்பிடங்களில் பெருக்கப்பட்ட, உரிய அனுமதிச் சான்றுள்ள பவளங்களை மட்டும் சிலவாக நட்டு, அவை பரவ இடம் விடவேண்டும். கல்லக்குடி, காரை பகுதிகளின் படிவங்களைப் பெயர்த்து வந்து தொட்டியில் வைப்பதும் பழைய சூறையாடலே. அவை இருக்குமிடத்தில் இருக்கட்டும்.

கடலிலிருந்து பிடுங்கிய கல் தோற்றத்தில் இயற்கை, செயலில் கொள்ளை. கையால் வார்த்த சிமெண்டுக் கல் தோற்றத்தில் செயற்கை. ஆனால் அது கடலில் எதையும் குறைப்பதில்லை. காஸ் காலத்துக் குட்டைகளுக்கும் மூழ்கிய இரு தீவுகளுக்கும் நாம் பதில் சொல்லவேண்டுமெனில், தொட்டியின் அழகை அது எவ்வளவு கடலைப் போலிருக்கிறது என்பதால் மட்டும் அளத்தல் தகாது. அதற்காகக் கடல் எதை இழந்தது என்பதையும் சேர்த்தே அளத்தல் வேண்டும்.